நடத்தை: திருப்திகரம்

நான்காவது முறை வருகிறேன்
பழைய சோனகத் தெருவுக்கு.
நூறாம் இலக்க பஸ் புறக்கோட்டையில் கக்கிவிட,
இரும்புக் குழாய் ஏற்றிய நாட்டாமை வண்டிக்கு
ஒதுங்கி, மறுபடியும் ஒதுங்கி.

ஒன்பது வருடம் ஏறிய படிகள்.
ஏழாவதில் உடைந்த ஓடு அப்படியே கிடக்க,
கால் தானாகத் தாண்டுகிறது.
கால் இன்னும் இராஜினாமா கொடுக்கவில்லை.

முதல் முறை, சேர் ஊரில் இல்லை.
இரண்டாம் முறை சேர் இருந்தார், சீல் இல்லை.
மூன்றாம் முறை சீல் இருந்தது,
சேர் தொழுகைக்குப் போனவர்
அப்படியே வீட்டுக்கும் போய்விட்டார்.
நாளைக்கு என்ற சொல்லுக்கு
இந்தக் கந்தோரில்
மூன்று மொழியிலும் ஒரே குரல்.

இன்று இரேஷா என்னை
வருகிறவர்களின் நாற்காலியில் இருக்கச் சொன்னாள்.
கடன் கேட்டு வந்தவர்கள், காசோலை திரும்பியவர்கள்,
சீமெந்துக் கம்பனிப் பெடியன்கள்
இருந்து இருந்து குழிந்த நாற்காலி.
இங்கிருந்து பார்த்தால்
என் மேசை இவ்வளவு சின்னதென்று
ஒருவரும் சொன்னதில்லை.

கேட்பது பெரிதொன்றுமில்லை.
சேவைக் கடிதம். மூன்று மாதச் சம்பளச் சீட்டு.
ஈ.பி.எப். தாளில் ஒரு கையொப்பம், ஒரு பெயர்த் திருத்தம்.
யோகவதனி.
நடுவிலுள்ள வகரத்துக்கு
அடையாள அட்டையில் ஓர் ஆங்கில எழுத்து,
கம்பனிப் பதிவில் அதன் இரட்டை.
நாரஹேன்பிட்டியில் ஜன்னலுக்குப் பின்னாலிருந்தவர்
இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"நீங்கள் இரண்டு பேர், மிஸ்.
இது யாருடைய காசு?"

ஜுனைதீன் நானா தேத்தண்ணி கொண்டுவந்தார்.
சீனி எவ்வளவென்று கேட்கவில்லை.
குனிந்து மெல்லச் சொன்னார்:
"இங்க கடிதம் அடிக்கத் தெரிஞ்ச ஆள் இல்ல, மகள்.
அதுதான் விசயம்."

அதுதான் விசயம்.
இங்கிருந்து போன எல்லோருக்கும்
கடிதம் அடித்தவள் நான்.
டோஹா போன மன்சூருக்கு,
பிள்ளை பெற்று நின்ற சந்தமாலிக்கு,
டீசல் விற்றுப் பிடிபட்ட லொறி ட்ரைவருக்கும்கூட
'நடத்தை: திருப்திகரம்.'
பெயரை மட்டும் மாற்றினால் போதும்.
மன்சூரை நான்கு கிழமை அலைய வைத்தபோது
"சேர் பிஸி" என்று சொன்னதும்
இந்த வாய்தான்.

தாஹிர்பாய் சேர் கதவைத் திறந்தார்.
"வதனி, நீயே அடிச்சுக் கொண்டுவாவன்.
நான் சைன் பண்ணுறன்."

கணினியின் கடவுச்சொல்
இன்னும் என் பிறந்த திகதி.
சந்தமாலியின் பெயரை அழித்து
என் பெயரை எழுதினேன், ஒற்றை எழுத்தால்.
சேர்ந்தபோது பதவி: கணக்கு உதவியாளர்.
விலகியபோது பதவி: மேற்படி.
காரணம்: சொந்த விருப்பம்.
பங்குனியில் சம்பளம் கூட்டிக் கேட்டதையும்
"கலியாணம் கட்டாத பிள்ளைக்கு என்ன செலவு"
என்ற சிரிப்பையும்
அந்த இரண்டு சொல்லுக்குள் மடித்து வைத்தேன்.

நடத்தைக்கு வந்ததும் விரல் நின்றது.
மிக நன்று என்று போடலாம், யார் தடுப்பது?
வெள்ளத்தன்று முழங்கால் தண்ணீரில் நடந்துவந்து
ஆண்டுக் கணக்கை முடித்தவள் என்று போடலாம்.
போட்டேன். வாசித்தேன். அழித்தேன்.
மன்சூருக்குக் கொடுத்ததைவிட
ஒரு சொல் கூடுதலாக
எனக்கு எடுக்க மனம் வரவில்லை.

சேர் வாசிக்காமல் கையொப்பமிட்டார்.
சீல் மை காய்ந்திருந்தது.
நானா வாயால் ஊதி ஊதிக் குத்தினார்:
முதல் குத்தில் கம்பனிப் பெயரில் பாதி,
அடுத்ததில் மீதி, சற்றே சரிந்து.

எழும்ப முன் இன்னொரு பிரதியைச் சேமித்தேன்.
பெயர் இருக்கிறது, எழுத்துப் பிழையில்லாமல்;
அவளிடமே கேட்டு எழுதினேன்.
விலகும் திகதிக்குப் புள்ளிக்கோடு.
கோப்பின் பெயர்: இரேஷா.

ஈ.பி.எப். தாளுக்கு மட்டும்
நாளைக்கு வரட்டாம்.